ஆசிரியர் சம்மதிக்கவில்லை என்று சொன்னேன்

2018-இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தமிழாசிரியை எனக்கு எழுதினார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நான் வெளியிட்ட நூல் ஒன்றின் கணினிக் கோப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். "ஆசிரியர் சம்மதிக்கவில்லை, மன்னிக்கவும்" என்று பதில் போட்டேன். ஆசிரியரிடம் நான் கேட்கவே இல்லை. சொன்னது பொய்.

நங்கநல்லூரில் சிதம்பரம் ஸ்டோர்ஸ் நிறுத்தத்தில் இறங்கி இரண்டு தெரு உள்ளே வந்தால் என் வீடு. முன்னறைதான் பதிப்பகம். வருஷத்துக்கு ஏழெட்டுப் புத்தகம் போடுவேன். நூலக ஆணை வந்தால் மூச்சு விடலாம். வராவிட்டால் ஜனவரிப் புத்தகக் காட்சியை நம்பித்தான் அச்சகப் பாக்கியும் காகிதப் பாக்கியும். அந்த அம்மா கேட்ட நூல், மயிலாப்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சிற்றிலக்கியங்களைப் பற்றி எழுதியது. பள்ளு, குறவஞ்சி, தூது, பிள்ளைத்தமிழ் என்று மூலப் பாட்டும் உரையும் அடிக்குறிப்புமாக நல்ல கனமான புத்தகம். சும்மா கேட்கவில்லை அவர். யாழ்ப்பாணத்துக் கடையில் சொல்லிவைத்து, முழு விலை கொடுத்து வாங்கியிருந்தார். என் பதிலைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியிலும் பேசினார். "புத்தகம் என்ரை மேசையில கிடக்குது ஐயா. வாசிக்கத்தான் ஏலாமக் கிடக்கு" என்றார். இன்னொரு தடவை காசு தரவேண்டும் என்றாலும் தருகிறேன் என்றார். பேராசிரியரிடம் மறுபடி பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுவும் பொய்.

அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. பார்வையற்றவர்கள் கணினியில் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பு மென்பொருளை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். யூனிகோடு எழுத்தில் இருக்கும் எதையும் அது வாய்விட்டு வாசித்துவிடும். அச்சுப் புத்தகத்துக்கும் அவருக்கும் நடுவே நின்றது என் கணினியில் கிடந்த ஒரு கோப்பு மட்டும்தான். பேஜ்மேக்கரில், பழைய எழுத்துருவில் கோத்தது. அப்படியே அனுப்பினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கேட்கும். ஆனால் சுரதா மாற்றி, என்.எச்.எம். மாற்றி என்று அதைச் சரிசெய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் வேலை முடியும். கோப்பு பழையது என்ற காரணத்தை மனத்துக்குள் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொல்லத் தேவையே வரவில்லை.

சட்டம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. 2009 செப்டம்பரில் லயோலா கல்லூரியில் 'வாசிக்கும் உரிமை' இயக்கம் தொடங்கப்பட்டபோது நான் அங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பார்வையற்றோருக்காக ஒரு விலக்கு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. அதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் சென்னை வழக்கறிஞர் ராகுல் செரியன். 2010-இல் வந்த திருத்த மசோதா, பிரெய்ல் போன்ற தனி வடிவங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. ஒலிவடிவம், சாதாரணக் கணினிக் கோப்பு என்றால் பதிப்புரிமை வாரியத்திடம் போய் உரிமம் வாங்க வேண்டும் என்றது. பார்வையற்ற எல்லாருக்கும் பிரெய்ல் தெரியும் என்று மசோதாவை எழுதியவர்கள் நினைத்திருக்க வேண்டும். நடுவயதில் பார்வை போனவர் எத்தனை பேர் பிரெய்ல் கற்றுக்கொள்கிறார்கள்? இயக்கத்தார் விடாமல் போராடியதால் 2012-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தக் குறை இல்லை. 52-ஆம் பிரிவு முதல் உட்பிரிவின் 'இசட்பி' கூறு இப்போது சொல்வது இதுதான்: மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்கு உதவியாக யார் வேண்டுமானாலும், எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் ஒரு நூலைப் பிரதி செய்து, சொந்தப் பயனுக்கோ படிப்புக்கோ ஆய்வுக்கோ அவருக்குக் கொடுக்கலாம். பதிப்பாளரின் அனுமதி வேண்டாம். ஆசிரியரின் அனுமதியும் வேண்டாம்.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பதிப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனிச் சட்டம். ஒரு நாட்டின் விலக்கைக் கொண்டு செய்த பிரதியை இன்னொரு நாட்டுக்கு அனுப்ப முடியாமல் இருந்தது. ஸ்பெயினில் பார்வையற்றோர் அமைப்பின் நூலகம் நிறைய நூல்கள் இருந்தும், அதே மொழி பேசும் தென் அமெரிக்க வாசகருக்கு அவை எட்டவில்லை. ஒரே புத்தகத்தை ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரெய்லில் தயாரித்த கதையும் உண்டு. தமிழுக்கும் இதே கதிதான். சென்னையில் ஒருவர் பாடுபட்டுத் தட்டச்சு செய்த நூல் யாழ்ப்பாணத்துக்கும் சிங்கப்பூருக்கும் டொரன்டோவுக்கும் சட்டப்படி போக வழி இருக்கவில்லை. அஞ்சல்துறை இதைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொண்டது: பார்வையற்றோருக்கான பொதிக்கு 7 கிலோ வரை இந்திய அஞ்சலில் தபால்தலையே ஒட்ட வேண்டாம். பல நாடுகளிலும் அப்படித்தான். பொதி இலவசமாகப் போகலாம், உள்ளே இருக்கும் புத்தகம் போகக்கூடாது என்ற நிலை.

அதை மாற்றியது 2013 ஜூன் 27 அன்று மொராக்கோவின் மராகேஷ் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை. விலக்கின்படி செய்த பிரதியை, பார்வையற்றோருக்கான அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் உறுப்பு நாடுகளுக்குள் அனுப்பலாம், பெறலாம். ராகுல் செரியன் அதைப் பார்க்கவில்லை. அந்த பிப்ரவரியில்தான் இறந்துபோனார். உடன்படிக்கையை உலகத்திலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014 ஜூனில். 2016 செப்டம்பர் 30 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூர் 2015-இல் சேர்ந்தது, கனடாவும் இலங்கையும் 2016-இல், மலேசியா 2022-இல். தமிழர் வாழும் நாடுகளில் பெரும்பாலானவை இன்று அதற்குள் வந்துவிட்டன.

அந்த அம்மா எனக்கு எழுதிய 2018-இல் இந்தியாவும் இலங்கையும் இரண்டுமே உள்ளே இருந்தன. இன்னும் சொல்லப்போனால், பதிப்பாளரே மனம் வைத்துத் தரும்போது உடன்படிக்கையின் துணைகூடத் தேவையில்லை. பேராசிரியருக்கு ஒரு போன், அவ்வளவுதான். இத்தனையும் தெரிந்தவன் நான். சட்டம் நகர்ந்துவிட்ட இடத்தில், அதுவரை சட்டம் செய்துகொண்டிருந்த வேலையை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் வரும் பதில் திருட்டுப் பிரதி. அந்தப் பயம் பொய்யில்லை. புத்தகக் காட்சி முடிந்து ஒரு வாரத்துக்குள் புதுப் புத்தகத்தின் பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என் வெளியீடு ஒன்றே அப்படிச் சுற்றி, அடுத்த பதிப்பு போடுவதைக் கைவிட்டேன். கடன் வாங்கிப் புத்தகம் போடுகிறவனுக்கு அது வயிற்றில் அடி. ஆனால் என் கைபேசிக்கே வந்து சேர்ந்த அந்தப் பிடிஎஃபை நான் திறந்து பார்த்திருக்கிறேன். யாரோ புத்தகத்தை விரித்துவைத்துப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தது அது. ஓரத்தில் கட்டைவிரல் தெரிந்தது. திருடுகிறவருக்கு என் கோப்பு தேவைப்படவில்லை, புத்தகமே போதுமாக இருந்தது. அந்தப் படங்களை அப்படியே போட்டால் திரைவாசிப்பு மென்பொருளால் ஒரு எழுத்துக்கூட வாசிக்க முடியாது. என் கோப்பு நிஜமாகத் தேவைப்பட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். அவருக்கு மட்டும் அது கிடைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பயத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. அதைச் சொல்லக் கூசுகிறது. ஒருவர் என்னிடம் கேட்டு நிற்பதும், தருவதா வேண்டாமா என்று நான் தீர்மானிப்பதும் எனக்குப் பிடித்திருந்தது. இந்தத் தொழிலில் எல்லா இடத்திலும் நான்தான் நின்றுகொண்டிருப்பவன். நூலக ஆணைக்கு, விற்பனையாளர் பாக்கிக்கு, அச்சகத்துக்காரர் இன்னும் ஒரு வாரம் பொறுப்பதற்கு. என்னிடம் வந்து கேட்கிற ஒருவர் கிடைத்தபோது அதை விட மனம் வரவில்லை.

இதில் இன்னொரு கேவலம் உண்டு. என் பதிப்பகத்தைத் தூக்கி நிறுத்தியவை நாட்டுடைமை நூல்கள். பாரதியின் எழுத்துகளை ஓமந்தூரார் அரசு 1949-இல் வாங்கியது. பின்னால் அவை எல்லாருக்கும் பொதுவாயின. அந்த வழியில் பிறகு வந்த அரசுகள் பல எழுத்தாளர்களின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கின. கல்கியையும் புதுமைப்பித்தனையும் யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் ஒரு பைசா உரிமைத்தொகை தராமல் அச்சிட்டு விற்றிருக்கிறேன். மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து போட்ட பழைய நூல்களை இறக்கி ஒப்புநோக்கப் பயன்படுத்தியிருக்கிறேன். பொதுச்சொத்தில் இருந்து இவ்வளவு எடுத்துக்கொண்டவனுக்கு, ஒரு கோப்பைத் தர வேண்டிய நேரத்தில் உரிமை என்ற சொல் நாக்கில் வந்து நின்றது.

பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறி மாம்பலம் போய்வருவது என் வழக்கம். பேனா, சீப்பு, அட்டை உறை விற்றுக்கொண்டு பார்வையற்றவர்கள் பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்குவார்கள். எத்தனையோ பேனா வாங்கியிருக்கிறேன். பேனா விற்ற ஒரு தம்பியிடம் ஒருநாள் பேச்சுக் கொடுத்தபோது, தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறேன் என்றார். எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் ஒரு பதிப்பாளனுக்குப் பயன்பட்டிருக்கும். நான் சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் வாசகர்கள் என்ற எண்ணமே எனக்கு வந்ததில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் பெரிய தவறு.

கோப்பு கிடைக்காது என்று ஆனதும் அந்த அம்மா தானே வழி தேடிக்கொண்டார். அக்கா மகளை உட்காரவைத்துப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து, எழுத்துணரி மென்பொருளில் போட்டு உரையாக மாற்றினார். தமிழ் அச்சில் ரகரமும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். கணினிக்கு அது சாமானியத்தில் பிடிபடாது. மாரன் என்பது மரரன் என்று வந்து விழும். புள்ளிகள் காணாமல் போகும், மெய்யெல்லாம் உயிர்மெய் ஆகிவிடும். உரைநடை என்றால் ஊகித்துக்கொள்ளலாம். குறவஞ்சிப் பாட்டில் ஒரு புள்ளி விழுந்தால் அடியே போய்விடும். அவர் செய்த வேலை இது: கணினி வாசிப்பதைக் காதால் கேட்டுக்கொண்டே போய், சந்தம் இடறுகிற இடத்தில் நிறுத்தி, எதுகையையும் சீரையும் வைத்து அங்கே எந்த எழுத்து இருந்திருக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார். தீராத இடங்களை மட்டும் பக்கம், அடி எண்ணோடு பட்டியலிட்டு எனக்கு அனுப்பினார். "கோப்பு வேண்டாம் ஐயா. இந்த இடங்களில் அச்சில் என்ன இருக்கிறதென்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார்.

கோப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் ஸ்கேன் பிழைகள். ஆனால் சில இடங்களில் அச்சே தவறாக இருந்தது. மெய்ப்புப் பார்த்தபோது பேராசிரியரும் நானும் கவனிக்காமல் விட்ட பிழைகள். ஒரு பள்ளுப் பாட்டில் எதுகை தட்டியிருந்ததைக் கண்ணால் பலமுறை படித்தும் எங்களுக்குத் தெரியவில்லை. அவர் காது கண்டுபிடித்துவிட்டது. இன்னொரு இடத்தில் ஒரு சீரே விட்டுப்போயிருந்தது.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. பதில் போட்டால் பேச்சு மறுபடி கோப்புக்கு வரும் என்ற தயக்கம். பட்டியலை மட்டும் அச்செடுத்துக் கோப்புறையில் வைத்துக்கொண்டேன். 2021-இல் இரண்டாம் பதிப்பு போட்டபோது அதை எடுத்து எல்லாத் திருத்தங்களையும் செய்தேன். பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், பதிப்பாசிரியரின் கூரிய கண்களுக்கு என்று எனக்கு நன்றி சொல்லி ஒரு பத்தி எழுதினார். அதை நானே மெய்ப்புப் பார்த்து அச்சுக்கு அனுப்பினேன். புத்தகக் காட்சிக்கு வந்த இரண்டொருவர் அந்தப் பத்தியைச் சொல்லிப் பாராட்டினார்கள். ஏற்றுக்கொண்டேன்.

போன வருஷம் பேராசிரியர் கூப்பிட்டார். சென்னையில் ஆய்வு செய்யும் பார்வையற்ற மாணவர் ஒருவர் நேரே அவரைத் தேடிப் போய் அதே நூலின் கோப்பைக் கேட்டிருக்கிறார். "உடனே அனுப்பிடுப்பா. இதுக்கெல்லாம் என்னைக் கேட்டுக்கிட்டு இருக்காதே, யார் கேட்டாலும் குடு" என்றார். சரி சார் என்றேன். போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. யார் சம்மதிக்கவில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேனோ, அவர் கேட்காமலே கொடுத்துவிட்டார்.

மறுநாள் மயிலாப்பூர் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யை, பட்டியலை, முன்னுரையை. வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு இரண்டாம் பதிப்பை எடுத்து வரச்சொல்லி, "அந்தப் பொண்ணு சொன்ன இடமெல்லாம் எது எது, காட்டு" என்றார். ஒவ்வொன்றாகக் காட்டினேன். பள்ளுப் பாட்டு வந்ததும் அடியை வாய்விட்டு இரண்டு தரம் படித்தார். "எம் பேரைச் சொல்லி இல்லைன்னிருக்கியே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மூன்றாம் பதிப்புக்கு முன்னுரையை மாற்றி எழுதித் தந்திருக்கிறார். என்னைப் பற்றிய பத்தி அதில் இல்லை. கையிருப்பில் உள்ள இரண்டாம் பதிப்புப் பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டிவிட்டேன். நூலகங்களுக்குப் போய்விட்ட பிரதிகளில் அந்தப் பத்தி அப்படியேதான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு யூனிகோடுக் கோப்பை அனுப்பினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். பேராசிரியர் மறுத்ததாகச் சொன்னது என் பொய் என்றும், அவருடைய பட்டியலை என் வேலையாகக் காட்டிக்கொண்டேன் என்றும் எழுதினேன். மன்னிப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அந்த நூலைத் தான் முழுக்கத் திருத்தி முடித்துவிட்டதாகவும், விழிப்புலனற்ற மாணவர் சிலர் அதைக் கொண்டு தேர்வும் எழுதிவிட்டதாகவும் எழுதியிருந்தார். கோப்பில் அடிக்குறிப்புகள் பாட்டுக்கு நடுவே வந்து விழுகின்றன, அவற்றை அதிகாரக் கடைசிக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: "உங்களுடைய மற்றப் புத்தகங்களின் கோப்புகளும் இருக்கின்றனவா?"

அதற்குத்தான் இப்போது பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர்களோடு போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தாயிற்று: நூல் அச்சுக்குப் போகும் அன்றே யூனிகோடுக் கோப்பு பார்வையற்றோர் அமைப்புக்குப் போகும். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயம் என்ற இணைய நூலகம் நாட்டில் உள்ள இப்படிப்பட்ட நூல்களை ஓரிடத்தில் சேர்க்கிறது. வெளிநாட்டு வாசகருக்கு அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் வழியாக மராகேஷ் உடன்படிக்கைப்படி அனுப்ப முடியும். இதுவரை எந்த ஆசிரியரும் அந்த வரிக்கு மறுப்புச் சொல்லவில்லை. பாதிப் பேர், இதுவரை ஏன் செய்யவில்லை என்று கேட்டார்கள். 2005-க்கு முந்திய புத்தகங்கள்தான் சிக்கல். குறுந்தகடுகள் பல திறக்க மறுக்கின்றன. அச்சகத்தில் கேட்டால் பழைய கணினியையே எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அந்தப் புத்தகங்களை ஸ்கேன் எடுத்துத்தான் மீட்க வேண்டும். முதல் புத்தகத்தின் பக்கங்கள் எழுத்துணரியில் போய்வந்துவிட்டன. ரகரம் எது, கால் எது என்று பார்த்துத் திருத்திக்கொண்டு வருகிறேன். முடிந்த அதிகாரங்களை அந்த அம்மாவுக்கு அனுப்பினால், கேட்டுவிட்டு நான் விட்ட இடங்களை எழுதி அனுப்புகிறார்.